தண்ணீரும் விசிறியும்

போன சித்திரையில் நாலு நாள் திருச்சியில் என் தமக்கை வீட்டில் தங்கியிருந்தேன். திருச்சி வெயிலை அநுபவித்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அநுபவிக்காதவர்களுக்குச் சொன்னால் நம்பிக்கை வராது. அந்த வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அறையில், தமக்கை மகன் ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விளம்பரப் படங்களுக்காகக் கம்ப்யூட்டரில் சித்திரங்களை அசைய வைப்பது அவன் தொழில். ஒரு நிமிஷப் படத்துக்கு ஓர் இரவு முழுவதும் யந்திரம் ஓடவேண்டும் என்பான்.

“கரண்டு ஓடுற பெட்டிக்குள்ள தண்ணியை விடப் போறானாம். நீயாவது சொல்லக் கூடாதாடா?” என்றாள் தமக்கை.

புத்தி சொல்லத்தான் மாடிக்குப் போனேன். போன இடத்தில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

தரையில் விரித்த பழைய வேஷ்டியின்மேல் சாமான்கள் பரப்பியிருந்தன. சில்லுகளின் தலைமேல் உட்காருவதற்குச் செப்புக் கட்டிகள் இரண்டு. அவற்றின் வயிற்றில் தண்ணீர் ஓட வழி இருந்தது. கைக்குள் அடங்கும் பம்ப் ஒன்று. வளைந்து கொடுக்கும் குழாய்கள். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் ஒரு ரேடியேட்டர். மோட்டார்க் காரின் முகப்பில் இருக்கிறதே, அதன் குழந்தை என்று சொல்லலாம். அதன் மேல் வரிசையாக மாட்டுவதற்கு 120 மில்லிமீட்டர் விசிறிகள் மூன்று.

“பம்ப் எப்பவும் கீழேதான் இருக்கணும் மாமா. குழாயிலே இருக்கிற காற்று எல்லாவற்றிலும் உயரமான இடத்துக்குப் போய் உட்கார்ந்துக்கும். அங்கே பம்ப் இருந்தா, தண்ணிக்குப் பதிலா காற்றை மென்னுக்கிட்டு இருக்கும்” என்று விளக்கினான். ஆகவே பம்ப் அடியில், ரேடியேட்டர் பெட்டியின் கூரையில் என்று ஏற்பாடு. விசிறிகள் மூன்றும் சூட்டை மேலே தள்ளவேண்டும்.

மாலையில் எல்லாம் முடிந்து யந்திரத்தை ஓட்டினான். சொட்டுக்கூடக் கசியவில்லை. ஆனால் திரையில் உஷ்ணம் காட்டும் எண் ஏறிக்கொண்டே போயிற்று. பம்ப் ஓடுகிறது, தண்ணீர் சுற்றுகிறது, விசிறிகளும் சுழல்கின்றன. பிறகு என்ன கோளாறு? யந்திரத்தை நிறுத்துவதும் ஓட்டுவதுமாக அரைமணி போயிற்று. கடைசியில் ஒரு காகிதத் துண்டைக் கிழித்து விசிறிகளின் மேலே பிடித்துப் பார்த்தான். ஓரத்து விசிறிகள் இரண்டும் காகிதத்தை மேலே தள்ளின. நடு விசிறி அதைக் கீழே இழுத்து ஒட்டவைத்துக்கொண்டது! அவசரத்தில் அதைத் தலைகீழாக மாட்டிவிட்டான். பக்கத்தில் இருந்த இருவரும் வெளியே தள்ளிய சூட்டை, நடுவில் இருந்தவர் திருப்பி உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தார்.

விசிறியைத் திருப்பி மாட்டியதும் எண் இறங்கத் தொடங்கியது. பையன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “தண்ணிதான் குளிர வைக்குதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க மாமா. தண்ணி வெறும் கூலியாள். மூட்டையைத் தூக்கிட்டு வரும். வாங்கி இறக்குறது விசிறிதான்” என்றான்.

இந்த வார்த்தை என் மனத்தில் தங்கிவிட்டது. ஊர் திரும்பிய பிறகு கிடைத்த புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு பெட்டியின் கூரையில் மூன்று விசிறிகளையும் ஒரு ரேடியேட்டரையும் மாட்டுகிற இந்தச் சிறு காரியத்துக்குப் பின்னால் நூற்று முப்பது வருஷச் சரித்திரம் இருக்கிறது என்று தெரிந்தது. அந்தச் சரித்திரத்துக்கும் நம் ஊர்க் குடிதண்ணீருக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றும் தெரிந்தது.

முதலில் ஒரு சிறு பௌதிகம். உஷ்ணத்தை யாரும் அழிக்க முடியாது, கைமாற்றத்தான் முடியும். ஒரு யந்திரத்தின் சூட்டை வெளியேற்ற நமக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மண்பானை வழி. பானையின் உடம்பெல்லாம் நீர் கசிகிறது. கசிந்த நீர் ஆவியாகிறது. போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. ஆனால் இந்தக் குளிர்ச்சிக்கு விலை, தண்ணீரேதான். காலையில் நிரப்பிய பானை மாலையில் கொஞ்சம் குறைந்திருக்கும். இரண்டாவது, ரேடியேட்டர் வழி. தண்ணீர் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. சூட்டைக் காற்றிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பிப் போகிறது. இதிலே தண்ணீர் செலவாவதில்லை. விசிறிக்கு மின்சாரம்தான் செலவு.

பானையா, ரேடியேட்டரா? இந்த ஒரு கேள்வியைத்தான் மோட்டார்க் காரும் கம்ப்யூட்டரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டு வந்திருக்கின்றன.

1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்திலிருந்து ஒரு பெண்மணி தம் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். பெயர் பெர்த்தா பென்ஸ். மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி. புருஷனிடம் முன்கூட்டிச் சொல்லாமல், அவர் செய்து வைத்திருந்த மூன்று சக்கர வண்டியிலே, பிள்ளைகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகவேண்டிய ஊர் போர்ஸ்ஹைம். தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்குமுன் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் யாரும் போனதில்லை. வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிரயாணத்தில் எரிபொருளைவிட அதிகத் தொல்லை கொடுத்தது தண்ணீர். பென்ஸின் வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். அதுதான் குளிர்விக்கும் ஏற்பாடு. அந்த வண்டி ஓடுகிற மண்பானைதான். ஆகவே அந்த அம்மாள் கிணற்றைக் கண்டால் நின்றார். சத்திரத்தைக் கண்டால் நின்றார். ஓடையைக் கண்டால் நின்றார். தண்ணீர் எடுத்து ஊற்றி ஊற்றித்தான் தாய்வீடு போய்ச் சேர்ந்தார்.

நீர்வளம் நிறைந்த தேசமாகையால் அந்தப் பிரயாணம் நடந்தது. நம் ராமநாதபுரம் ஜில்லாவில் கோடைகாலத்தில் புறப்பட்டிருந்தால், வண்டியை மாடு கட்டித்தான் இழுத்து வந்திருக்கவேண்டும்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் வில்ஹெல்ம் மேபாக். டெய்ம்லர் கம்பெனியின் தலைமை எஞ்சினியர். எமில் ஜெல்லினெக் என்ற வியாபாரி, தமக்கு வேகமான பந்தயக் கார் வேண்டும் என்று அந்தக் கம்பெனியை நச்சரித்துக்கொண்டிருந்தார். 35 குதிரைச் சக்தியுள்ள எஞ்சின் என்றால் சூடும் அதற்குத் தக்கபடி இருக்கும். பழைய முறையில் அதைக் குளிர்விக்க ஒரு பீப்பாய்த் தண்ணீரையும் சுமந்துகொண்டு போகவேண்டும். பந்தயக் காருக்கு அது ஆகுமா? 1900-ஆம் வருஷம் மேபாக் ஒரு காரியம் செய்தார். ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070. அவற்றைத் தேனடை மாதிரி அடுக்கி, ஒன்றோடொன்று பற்றவைத்தார். குழாய்களின் உள்ளே காற்று போகும். அவற்றின் இடுக்குகளில் தண்ணீர் வழிந்தோடும். கொஞ்சம் தண்ணீர், ஆனால் காற்றோடு அதற்கு ஆயிரக்கணக்கான இடங்களில் சந்திப்பு. கார் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும். மெதுவாகப் போகும்போது? அதற்காகத் தேனடையின் பின்னால் ஒரு விசிறியை வைத்தார்.

இப்படித்தான் ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் கலியாணம் நடந்தது. 1901 மார்ச்சு மாதம் நீஸ் நகரத்துப் பந்தயங்களில் அந்தக் கார் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளியது. ஜெல்லினெக் அதற்குத் தம் மகளின் பெயரை வைத்திருந்தார்: மெர்ஸிடஸ். பெயர் உலகப் பிரசித்தமாயிற்று. கிணற்றுக்குக் கிணறு நிற்கிற தொல்லையை ஒழித்த தேனடையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம்.

1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் எனியாக் என்ற மின்னணுக் கணக்கு யந்திரத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். செய்தவர்கள் மாக்லி, எக்கர்ட் என்ற இருவர். எடை 30 டன். அதற்குள் சுமார் 18,000 வால்வுகள். பழைய ரேடியோப் பெட்டிக்குள் சிவப்பாக எரியுமே, அதே ஜாதி வால்வு. அந்த ரேடியோவில் ஐந்தாறு வால்வுகள் இருந்தாலே பெட்டியின் மேல் பூனை படுத்துக் குளிர்காயும். இங்கே பதினெட்டாயிரம்! சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை அது விழுங்கியது. விழுங்கிய மின்சாரம் அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரவேண்டும். ஊதுவிசிறிகளை வைத்து அலமாரிகள் வழியே காற்றை அடித்தார்கள். சூடு அளவுக்கு மேல் போனால் தானே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் காவல் கருவிகளையும் வைத்தார்கள். கணக்கு யந்திரத்தின் முதல் எதிரி சூடு என்பது பிறந்த நாளிலேயே தெரிந்துபோயிற்று.

பிறகு டிரான்ஸிஸ்டர் வந்தது, சூடு குறைந்தது. குறைந்த சூட்டை மனிதன் சும்மா விட்டானா? ஒரு வால்வு இருந்த இடத்தில் நூறு டிரான்ஸிஸ்டர்களை வைத்தான். சூடு திரும்பி வந்தது. எண்பது வருஷமாக இந்தக் கதை இப்படியே நடக்கிறது. ஒவ்வொரு பொருளும் முன்னைவிடக் குளிர்ச்சியானது. ஒவ்வொரு யந்திரமும் முன்னைவிடச் சூடானது.

1960-களின் பிற்பகுதியில் ஐ.பி.எம். கம்பெனியின் 360 வரிசையில் 91-ஆம் மாடல் யந்திரம் நாஸாவின் கோடார்டு நிலையத்துக்குப் போயிற்று. அதிலே காற்று மட்டும் போதவில்லை. உள்ளே ஓடும் காற்றையே இடையிடையே குளிர்விப்பதற்குத் தண்ணீர்க் குழாய்களை விட்டார்கள். ஏன் தண்ணீர்? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும்போது எடுத்துக்கொள்ளும் உஷ்ணத்தைக் காற்று எடுத்துக்கொள்ள வேண்டுமானால் சுமார் 3,500 லிட்டர் காற்று வேண்டும். கூலியாள் என்றானே பையன், அது சரிதான். ஆனால் மூவாயிரத்து ஐந்நூறு பேர் சுமையை ஒருவனாகச் சுமக்கிற கூலியாள்.

மின்சாரத்தோடு தண்ணீரைச் சேர்க்க எஞ்சினியர்களுக்கும் என் தமக்கையைப் போலவே பயம் இருந்தது. 1980-ல் ஐ.பி.எம். அறிவித்த 3081 என்ற யந்திரத்தில் அந்தப் பயத்துக்கு ஒரு பதிலைப் பார்க்கிறோம். உள்ளங்கை அகலமுள்ள பீங்கான் தகடு ஒன்று, 33 படலங்கள், அதன்மேல் சுமார் 100 சில்லுகள். ஒவ்வொரு சில்லின் முதுகையும் ஓர் அலுமினியத் தண்டு ஸ்பிரிங்கின் விசையால் தொட்டுக்கொண்டிருக்கும், வைத்தியர் நாடியைத் தொடுவது போல. இடைவெளியில் ஹீலியம் வாயு. இவ்வளவுக்கும் மேலே தண்ணீர் ஓடும் தகடு. தண்ணீர் சில்லைத் தொடாது. சில்லின் சூடு தண்டைத் தொடும், தண்டின் சூடு தண்ணீரைத் தொடும். இந்தக் கட்டு ஒன்று சுமார் 300 வாட் சூட்டைத் தாங்கியது. அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. 2022-ல் கடைக்கு வந்த சித்திரச் சில்லு ஒன்று, தனி ஒருவனாக 450 வாட் வரை இழுக்கிறது. அப்படிப்பட்ட சாமானைத்தான் திருச்சியில் பையன் பழைய வேஷ்டியின்மேல் வைத்துக்கொண்டிருந்தான்.

ஸைமூர் க்ரே என்ற நிபுணர் தண்ணீரை விட்டுவிட்டு வேறு திரவங்களைத் தேடினார். 1976-ல் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன அவருடைய க்ரே-1 யந்திரம், சுற்றிலும் மெத்தை ஆசனம் வைத்த ஒரு தூண் மாதிரி இருக்கும். உள்ளே குளிர்பெட்டியில் ஓடும் ஃப்ரியான் திரவம், அலுமினியப் பாளங்களில் பதித்த எஃகுக் குழாய்களில் ஓடியது. அதைச் செய்யும்போது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வழியே குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து வேலையைத் தாமதப்படுத்தியது. கணக்குப் போடுவதைவிடக் குழாய் வேலைதான் அவர்களை அதிகம் படுத்தியது என்று சொல்லவேண்டும். 1985-ல் வந்த க்ரே-2 இன்னும் வேடிக்கை. மின்சாரம் பாயாத ஃப்ளூரினெர்ட் என்ற திரவத்திலே மின்பலகைகளை முழுக்க மூழ்க வைத்துவிட்டார். பக்கத்தில் கண்ணாடித் தொட்டியில் அந்தத் திரவம் அருவியாக விழுவதைப் பார்க்கலாம். ஆனால் அந்த அருவியின் சூட்டைக் கடைசியில் வாங்கிக்கொண்டது எது? குளிர்ந்த தண்ணீர்தான். அந்தத் தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டது? கட்டடத்துக்கு வெளியே இருந்த காற்றுதான். இடையிலே எத்தனை தரகர்கள் வந்தாலும் கடைசிக் கொள்முதல்காரர் காற்று ஒருவர்தான்.

1990-களில் சில்லுகளின் ஜாதி மாறியது. ஐ.பி.எம்.மின் பெரிய யந்திரங்களே 1994 முதல் புது ஜாதிச் சில்லுகளுக்கு மாறித் தண்ணீரை விட்டுக் காற்றுக்குத் திரும்பின. குழாய்க்காரர்களுக்கு வேலை போய்விட்டது என்று தோன்றியது. ஆனால் அதே சமயத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் சூடாகத் தொடங்கியிருந்தது. 1989-ல் வந்த 486 சில்லு பல வீடுகளில் விசிறியே இல்லாமல் ஓடியது. 1993-ல் வந்த பென்டியத்துக்கு விசிறி வேண்டியிருந்தது. 2004-ல் இன்டெல் கம்பெனி தான் செய்துகொண்டிருந்த தேஜஸ் என்ற அடுத்த சில்லையே கைவிட்டது. சூடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே வருஷம் ஆப்பிள் கம்பெனி மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்றைக் குளிர்திரவத்தோடு விற்கத் தொடங்கியது.

கம்பெனிகள் முந்துவதற்கு முன்பே சில இளைஞர்கள் முந்திவிட்டார்கள். சில்லை அதன் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பதிலே அவர்களுக்கு ஓர் ஆனந்தம். 1990-களின் கடைசியில் இவர்கள் கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர்விக்கப் புறப்பட்டார்கள். கடையில் இதற்கென்று சாமான் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள்? மீன் தொட்டிக்குப் போடும் பம்பை எடுத்துக்கொண்டார்கள். செப்புக் கட்டியைத் தாங்களே குடைந்துகொண்டார்கள். குளிர் தேசங்களில் காருக்குள் இருப்பவர்கள் குளிர்காய்வதற்காக, எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடும் சின்ன ரேடியேட்டர் ஒன்று உள்ளே இருக்கும். பழைய கார்களிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்து, விசிறி மாட்டி, கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். மேபாக்கின் தேனடை, நூறு வருஷம் கழித்து, உவமையாக அல்ல, உருப்படியாகவே கம்ப்யூட்டருக்குள் குடிபுகுந்தது!

பட்டுத்தான் அவர்கள் பாடம் கற்றார்கள். செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணீரில் சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும். ரேடியேட்டரின் தகடுகள் நெருக்கமாக இருந்தால் வேகமாகச் சுழலும் விசிறி மட்டும் போதாது. எதிர்ப்பைத் தாண்டி அழுத்தித் தள்ளும் விசிறி வேண்டும். குறுக்குக் கம்பிகள் தெரிகிற பக்கம்தான் விசிறியிலிருந்து காற்று வெளியேறும் பக்கம். தூசி அடைத்தால் எல்லா வித்தையும் வீண். இந்தப் பாடங்களெல்லாம் 2009-க்குப் பிறகு பம்ப், குழாய், ரேடியேட்டர் யாவும் ஒன்றாக மூடி முத்திரையிட்ட பெட்டியாகக் கடைக்கு வந்துவிட்டன. திருச்சிப் பையனைப் போன்றவர்கள் மட்டும் இன்னும் தாங்களே கோத்துப் பார்க்கிறார்கள்.

இதுவரை சொன்னது ஒரு வீட்டுப் பெட்டியின் கதை. இனிச் சொல்வது நம்மையெல்லாம் பாதிக்கிற கதை.

நாம் கையிலே வைத்திருக்கும் தொலைபேசி கேட்கும் கேள்விக்கெல்லாம் வேறெங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் பதில் சொல்கின்றன. டேட்டா சென்டர் என்று பெயர். ஆயிரக்கணக்கான சூடான சில்லுகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றின் சூடு எங்கே போகிறது? பல இடங்களில் குளிர்கோபுரத்துக்குப் போகிறது. குளிர்கோபுரம் என்பது என்ன? ராட்சச மண்பானை. மேலிருந்து தண்ணீரைப் பொழிவார்கள். விசிறி காற்றை இழுக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாகிச் சூட்டோடு ஆகாசத்துக்குப் போய்விடும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் நகரத்தில் 2022-ல் உலகத்தின் முதல் யந்திரமாக விளங்கிய ஃப்ரான்டியருக்கு, நிமிஷத்துக்கு 22,000 லிட்டருக்கு மேல் தண்ணீரைச் சுற்றவைக்கிறார்கள். அவ்வளவும் செலவாவதில்லை; சுற்றுவதுதான். ஆனால் கோபுரத்தில் ஆவியாகிற பங்கை நாள்தோறும் ஈடு செய்தாகவேண்டும்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைந்த மின்சாரத்தின் சூட்டை எடுத்துப் போகும். அந்தக் கணக்கில், 1,000 கிலோவாட் சூட்டை ஒரு நாள் முழுவதும் ஆவியாலேயே வெளியேற்றினால் சுமார் 35,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் மூன்று லாரி. 30,000 கிலோவாட் இழுக்கும் நிலையம் ஒன்று முழுச் சூட்டையும் இப்படியே விட்டால் தினம் தொண்ணூறு லாரி.

சென்னை கடலடிக் கம்பிகள் கரையேறும் நகரம். அதனால் அங்கும் டேட்டா சென்டர்கள் எழுந்திருக்கின்றன. அதே சென்னையில் 2019 ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோனதை நாம் பார்த்தோம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தவர்களிடம் போய், ‘கம்ப்யூட்டருக்கும் தாகம் எடுக்கிறது’ என்று யாரால் சொல்லமுடியும்?

பெர்த்தா அம்மாளின் வண்டிக்கு மேபாக் கண்ட மாற்று இங்கேயும் உண்டு. 2010-ல் ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரிச் நகரத்துத் தொழில்நுட்பச் சர்வகலாசாலையில் அக்வாஸார் என்ற கம்ப்யூட்டரைச் சுமார் 60 டிகிரிச் சுடுதண்ணீராலேயே குளிர்வித்துக் காட்டினார்கள். சுடுதண்ணீரால் குளிர்விப்பதாவது என்று வாசகர்கள் சிரிக்கலாம். சில்லு 80 டிகிரியில் இருக்கும்போது 60 டிகிரித் தண்ணீர் அதற்குக் குளிர்ந்த தண்ணீர்தானே? வெளியே வரும் தண்ணீரைக்கொண்டு கட்டடங்களுக்குக் கணப்பு மூட்டினார்கள். 2012-ல் ம்யூனிக் நகரத்துக்குப் பக்கத்தில் கார்ஷிங்கில் ஸூப்பர்மக் என்ற மாபெரும் யந்திரத்தையும் இதே தத்துவத்தில் அமைத்தார்கள். இதில் உள்ள சூட்சுமம் ஒன்றுதான்: தண்ணீர் வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால் ரேடியேட்டரும் விசிறியும் போதும், பானை வேண்டாம். 2024-ல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனியும், தான் புதிதாக வரைகிற நிலையங்களில் குளிர்விப்பதற்காகத் தண்ணீரை ஆவியாக்கப் போவதில்லை என்று அறிவித்தது.

இதற்கும் விலை உண்டு. அதை மறைக்கக் கூடாது. ரேடியேட்டர் தண்ணீரை வெளிக்காற்றுக்குக் கீழே குளிர்விக்க ஒருநாளும் முடியாது. ஜூரிச்சின் காற்று குளிர்ந்தது. நம் ஊரில் மே மாதத்துக் காற்றே 40 டிகிரி. தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் சிறுத்துப்போனால், ரேடியேட்டரைப் பெரிதாக்கவேண்டும், விசிறிகளைக் கூட்டவேண்டும், மின்சாரச் செலவு ஏறும். ஆவியில் விடுவது மலிவு. மலிவாக இருப்பதற்குக் காரணம், தண்ணீருக்கு நாம் வைத்திருக்கும் விலை. அந்த விலையை ஏரியைப் பார்த்து வைக்கவில்லை. குழாயைப் பார்த்து வைத்திருக்கிறோம். பானையா, ரேடியேட்டரா என்ற கேள்வியை எஞ்சினியர் மட்டும் தீர்த்துவிட முடியாது. அவர் கணக்கில் தண்ணீரின் விலையை எழுதுகிறவர்கள் நாம்.

திருச்சியை விட்டுப் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, பையனின் அறையில் உட்கார்ந்திருந்தேன். யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் உஷ்ண எண் அடக்கமாக நின்றது. எங்கள் இரண்டு பேர் முதுகிலும் வேர்வை வழிந்தது. தமக்கை காபி கொண்டுவந்தாள். வாசல்படியிலேயே நின்று, “பெட்டி குளிர்ந்தா போதுமா? அடுப்பங்கரையே தேவலாம் போல இருக்கே!” என்றாள்.

பையன் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து, அதன் எதிரே ஒரு மேஜை விசிறியைத் திருப்பி வைத்தான். அறையின் சூடு தெருவுக்குப் போயிற்று.

தமக்கை பெட்டியைச் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும்; விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பிடித்துவைப்பவள் அவள்.

“இதுக்குத் தினம் எத்தனை தண்ணி ஊத்தணும்?” என்று கேட்டாள்.

“தினமா? வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதும்மா. ஒரு லிட்டர். நடுவிலே தூசி மட்டும் தட்டணும்.”

“ஒரு வருஷத்துக்கு ஒரு லிட்டரா?”

அவள் காபியை வைத்துவிட்டு, தன் முந்தானையால் பெட்டியின் மேலிருந்த தூசியை ஒரு தடவை துடைத்துவிட்டுக் கீழே போனாள்.